தாத்தா காலத்துத் தங்க வாட்ச்: உருக்குவதா, ஓட வைப்பதா, புதிதாக்குவதா?

பரம்பரையாக வந்த தங்க வாட்ச் கையில் கிடைத்ததும் பலர் அதை எடுத்துக்கொண்டு நேராக நகைக்கடைக்குப் போகிறார்கள். அங்கே வாட்சை முழுசாகத் தராசில் வைத்து, ஓரமாக உரைத்துப் பார்த்து, ஒரு தொகை சொல்வார்கள். அந்தத் தொகை வீட்டுக்கு வந்ததும் பேச்சு முழுக்கத் தங்கத்தைப் பற்றியதாக மாறிவிடும். நகைக்கடைக்குப் போக வேண்டியதுதான், ஆனால் இரண்டாவதாக. முதலில் போக வேண்டியது கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச் மெக்கானிக்கிடம். வாட்சை என்ன செய்வது என்று தீர்மானிக்கத் தங்கம் அதிகம் உதவாது. உள்ளே இருக்கும் மிஷின் முழுசாக இருக்கிறதா, டயல் முதலில் வந்த டயல்தானா என்ற இரண்டு கேள்விகள்தான் உதவும்.

காவிரிப் பாசன ஊர்களில் இப்படிப்பட்ட வாட்சுகளுக்குக் குறைவில்லை. கூத்தாநல்லூர், நாகூர், அதிராம்பட்டினம் பக்கத்தில் பினாங்கும் சிங்கப்பூரும் போய்ச் சம்பாதித்த குடும்பங்கள், தென்னிந்திய ரயில்வேயில் இருந்தவர்கள், வேலிக் கணக்கில் நிலம் வைத்திருந்த மிராசுதார்கள் என்று பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் ஒன்று கிடக்கும். எங்கள் வீட்டில் இருப்பது பெரியப்பாவுடையது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலேயா போனவர், திரும்பி வரும்போது கையில் கட்டிக்கொண்டு வந்த ஒமேகா. பெரியம்மா முன்பே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. அவரும் போன பிறகு அப்பா, அத்தை, சித்தப்பா மூவருக்கும் வாட்ச் பொது. அத்தை விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்றார். சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகன், பையன் கல்யாணத்துக்குப் புதுசு மாதிரி ஆக்கிப் போடலாம் என்றார். சித்தப்பா, அண்ணன் வைத்திருந்தபடியே இருக்கட்டும் என்றார். மூன்றும் நியாயமான பேச்சுதான், ஆனால் மூடியைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே பேசியவை.

தங்கமா, தங்கம் போர்த்தியதா

விடை பின்மூடியின் உள்பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் கத்தியை வைத்து நெம்ப வேண்டாம். தங்கம் மென்மையானது, விளிம்பில் பள்ளம் விழும். கத்தி வழுக்கினால், முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் வீல் போய்விடும்.

வாட்சின் வெளிக்கூடு, அதாவது கேஸ், சுவிஸில் செய்ததாக இருந்தால் 18 கேரட்டுக்கு ஹெல்வீஷியா என்ற பெண்ணின் தலை, 14 கேரட்டுக்கு அணில் என்று முத்திரைகள் உண்டு. குண்டூசித் தலை அளவுதான் இருக்கும், லென்ஸ் இல்லாமல் தெரியாது. பக்கத்தில் 0.750 அல்லது 0.585 என்ற எண் இருக்கும். 1995இலிருந்து இந்த முத்திரைகளின் இடத்தில் செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை வந்துவிட்டது. ஆகவே தாத்தா காலத்து வாட்ச் என்று சொல்லி யாராவது நாய்த் தலையைக் காட்டினால் யோசிக்க வேண்டும். இங்கிலாந்தில் செய்த கேஸ் என்றால் 9 கேரட்டுக்கு 375 என்ற எண்ணும், பர்மிங்காமில் சோதித்ததற்கு ஒரு நங்கூரமும், ஆண்டைக் குறிக்க ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எழுத்தின் வடிவத்தை அட்டவணையோடு ஒப்பிட்டால் முத்திரை குத்திய ஆண்டு தெரிந்துவிடும்.

நம் ஊர் நகை முத்திரையைத் தேடுவது வீண். 2021 ஜூனில் நகைகளுக்கு ஹால்மார்க் கட்டாயமானபோதே தங்க வாட்சுகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பி.ஐ.எஸ். முத்திரை இல்லை என்பதால் போலி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

ஏமாற்றம் தரும் எழுத்துகளும் உண்டு. ‘20 மைக்ரான்’, ‘பிளாக்கே’, ‘ரோல்டு கோல்டு’, ‘கோல்டு ஃபில்டு’ எல்லாம் வேறு உலோகத்தின் மேல் தங்கம் போர்த்தியவை. பழைய பாக்கெட் வாட்சுகளில் ‘20 ஆண்டு உத்தரவாதம்’ என்று பெருமையாகப் பொறித்திருக்கும். படித்தவுடன் மகிழ்ச்சியாக இருக்கும், ஆனால் கெட்டித் தங்கத்துக்கு யாரும் ஆண்டுக் கணக்கில் உத்தரவாதம் தருவதில்லை. மேல் தகடு தேயாமல் இத்தனை வருடம் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். இங்கிலாந்தின் டென்னிசன் கேஸ்களில் சில, இரண்டு தங்கத் தகடுகளுக்கு நடுவே வேறு கலவை வைத்துச் செய்தது என்று தாமாகவே ஒப்புக்கொள்ளும். பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று இருந்தால் மேல்பாகமும் அநேகமாக முலாம்தான். மூன்று மூடி கொண்ட பாக்கெட் வாட்சில் வெளி மூடிகள் தங்கமாகவும் உள்மூடி பித்தளையாகவும் இருக்கலாம். நேர்மையான கம்பெனி அந்த உள்மூடியில் ‘மெட்டல்’ என்று குத்தியிருக்கும்.

எழுத்து அழிந்திருந்தால் ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் முனையைப் பாருங்கள். முலாம் முதலில் தேயும் இடம் அதுதான். மஞ்சளுக்கு அடியில் வெள்ளையோ வேறு மஞ்சளோ எட்டிப் பார்க்கும். நகைக்கடைகளில் கேரட் பார்க்கும் எக்ஸ்ரே மெஷினை மட்டும் நம்பக் கூடாது, அது மேல் அடுக்கை மட்டுமே படிக்கிறது. தடித்த ரோல்டு கோல்டைக்கூடத் தங்கம் என்று சொல்லிவிடும். உரைகல்லும் அப்படியே, லேசாக உரைத்தால் தெரிவது தோல்தான்.

எடை பார்ப்பதாக இருந்தால் மிஷினையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டுக் கேஸை மட்டும் வைக்க வேண்டும். நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால், 18 கேரட் கேஸ் 10 கிராம் இருந்தால் அதில் சுத்தத் தங்கம் ஏழரை கிராம். அது 22 கேரட்டில் ஏறக்குறைய ஒரு பவுனுக்குச் சமம். அதே 10 கிராம் 9 கேரட் கேஸ் என்றால் அரைப் பவுன். ‘முழுக்கத் தங்கம்’ என்று வீட்டில் ஐம்பது வருடமாகப் பேசிவந்த பொருள் ஒரு பவுன் என்று தெரியும்போது சிலருக்கு முகம் சுருங்கும். லேடீஸ் வாட்ச் என்றால் இன்னும் குறையும்.

இன்னொன்று, ‘17 ஜுவல்’ என்று டயலில் பார்த்துவிட்டு அந்தக் கல்லுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவை பல் சக்கரங்களின் அச்சு தேயாமல் உட்கார வைத்த செயற்கை மாணிக்கங்கள். நகைக்கடையில் அவற்றுக்கு விலை கிடையாது.

மிஷின் பேசும்

பெரியப்பா வாட்சைத் திறந்தபோது உள்ளே மிஷின் முழுக்கச் செம்பு நிறத்தில் மின்னியது. அத்தை மகன் வீடியோ காலில் பார்த்துவிட்டு ‘உள்ளேயும் தங்கமா’ என்று கேட்டார். அந்தக் காலத்து ஒமேகா மிஷின்களுக்கு அப்படி ஒரு பூச்சு உண்டு, அவ்வளவுதான். ஆனால் மிஷினில் பொறித்த எண் பயனுள்ளது. ஒரு கோடியே பத்து லட்சத்துச் சொச்சம் என்று இருந்தால் 1947ஐ ஒட்டியது, ஒரு கோடியே இருபது லட்சம் என்றால் 1950 வாக்கில். எல்ஜின், வால்தம் போன்ற அமெரிக்க பாக்கெட் வாட்சுகளுக்கும் எண்ணை வைத்து ஆண்டு சொல்லும் அட்டவணைகள் இருக்கின்றன. லாஞ்ஜின்ஸ் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கையெழுத்துப் பதிவேடு வைத்திருக்கிறது. எண்ணைக் கொண்டு அந்த வாட்ச் எப்போது கம்பெனியை விட்டுப் போனது என்று பார்க்க முடியும்.

டயலில் இருக்கும் பெயரும் மிஷினில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பழுதான மிஷினை எடுத்துவிட்டு வேறொன்றை உட்கார வைப்பது நம் ஊரில் சாதாரணமாக நடந்த வேலை. யாரும் அதை மோசடி என்று நினைக்கவில்லை. வாட்ச் ஓட வேண்டும், அதுதான் அன்றைய தேவை. ஆனால் பேலன்ஸ் வீலுக்கு அடியில் ஏ.எஸ். என்றோ எஃப்.ஹெச்.எஃப். என்றோ சின்ன முத்திரை இருந்தால் பயப்பட வேண்டாம். அவை மிஷின் மட்டும் செய்து விற்ற சுவிஸ் கம்பெனிகள். பல சுவிஸ் வாட்ச் கம்பெனிகள் அடிப்படை மிஷினை அவர்களிடம் வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்தன.

டயலில் கடைப் பெயர் இருந்தால் அது கூடுதல் மதிப்பு. மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயரோடு வரும் வாட்சுகளைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா இரண்டும் இந்தியச் சந்தையில் ஊறிய சுவிஸ் பெயர்கள். அவற்றில் நல்ல நிலையில் இருப்பவை தங்கம் இல்லாவிட்டாலும் விலை போகும்.

பின்மூடியின் உள்ளே ஊசியால் கீறிய எண்களும் கையெழுத்தும் தெரிந்தால் அவை முந்தைய மெக்கானிக்குகள் தங்கள் நினைவுக்காகப் போட்ட குறிகள். நிறையக் கீறல் இருக்கும் வாட்ச் தவறாமல் சர்வீஸ் பார்த்த வாட்ச். எனக்கு அந்தக் கீறல்களைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் உண்டு.

ஓடுகிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி. மெதுவாகச் சாவி கொடுங்கள். கொஞ்சம் ஆட்டினால் ஓடி நின்றுவிடுகிறது என்றால் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது, மிஷின் பெரும்பாலும் முழுசாக இருக்கிறது. சாவி இறுகி நிற்கிறது, ஆனால் ஓடவில்லை என்றால் ‘அதிகமாகச் சாவி கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்’ என்பார்கள். அப்படி ஒன்று கிடையாது. ஸ்பிரிங் முழுசாகச் சுற்றியிருக்கிறது, சக்தி சக்கரங்களுக்குப் போகாமல் எங்கேயோ அடைபட்டிருக்கிறது, அவ்வளவே. கையால் சாவி கொடுக்கும் வாட்சில் சாவி இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும். இவை எல்லாம் சரிசெய்யக் கூடியவை. கவலைப்பட வேண்டியது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, கீழே விழுந்து பேலன்ஸ் அச்சு உடைந்திருப்பது. 1930களில் இன்காப்ளாக் போன்ற அதிர்ச்சித் தாங்கிகள் வருவதற்கு முந்தைய வாட்சுகளில் இது சகஜம். புது அச்சு கடைவதற்குச் சின்ன லேத்தும் அதில் கை பழகிய ஆளும் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் குறைந்துவிட்டார்கள். இரண்டாவது, துரு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் பல வருடம் கிடந்த வாட்சில் சாவி திருகும் பகுதியில்தான் துரு முதலில் பிடிக்கும்.

டயலைத் தொடலாமா

நான் மிகவும் பிடிவாதமாக இருப்பது இதில்தான். பழைய டயல் மஞ்சள் பூத்திருக்கும், புள்ளி விழுந்திருக்கும். மெக்கானிக்கே ‘டயலைப் புதுசா அடிச்சிடலாமா சார்’ என்று கேட்பார். அடித்துத் தருபவர்கள் பழைய அச்சை ரசாயனத்தில் கரைத்துவிட்டு மறுபடி பெயின்ட் அடித்து எழுத்து போடுவார்கள். தூரத்திலிருந்து பளிச்சென்று இருக்கும். லென்ஸில் பார்த்தால் எழுத்து தடித்து, கோடுகள் சமமில்லாமல், கீழே ‘சுவிஸ் மேட்’ என்பது காணாமலோ இடம் மாறியோ இருக்கும். வாங்குபவர்கள் பார்வையில் வாட்சின் மதிப்பில் பெரும்பகுதி டயலில் இருக்கிறது. இப்படி நிறம் ஏற்றிய பழைய வாட்சுகளுக்குச் சேகரிப்பவர்கள் வைத்த பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’. பாராட்டாகச் சொல்வதில்லை.

இருட்டில் ஒளிர்வதற்காக எண்களிலும் முள்ளிலும் பூச்சு வைத்த வாட்சாக இருந்தால் எச்சரிக்கை வேண்டும். 1960கள் வரை அதில் ரேடியம் கலந்திருந்தார்கள். ஒளி மங்கிவிட்டதால் ரேடியமும் போய்விட்டது என்று அர்த்தமில்லை, அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. முள் நின்ற இடத்தில் டயலில் பழுப்பு நிழல் விழுந்திருந்தால் அது ரேடியத்தின் வேலை. மூடியும் கண்ணாடியும் சரியாக இருக்கும் வரை பெரிய பயமில்லை. சுரண்டவோ, கண்ணாடியைக் கழற்றி ஊதவோ கூடாது, தூள் உள்ளே போனால்தான் கெடுதல். கீழே ‘டி சுவிஸ் மேட் டி’ என்று இருந்தால் ரேடியத்துக்குப் பதிலாக வந்த டிரிட்டியம். அது 12 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிவிடும், இப்போது பெரும்பாலும் அடங்கிப்போயிருக்கும்.

நான்கு வழிகள்

உருக்குவது. மிஷின் மாறிப்போய், டயலும் கெட்டு, கேஸ் நசுங்கியிருந்தால் இதில் தவறில்லை. அப்போதும் மிஷினையும் டயலையும் கழற்றிக்கொண்டு கேஸை மட்டும் கொடுங்கள். உதிரிப் பாகத்துக்கு ஆள் இருக்கிறார்கள். மற்றபடி அவசரம் என்ன? தங்கத்தை என்றைக்கு வேண்டுமானாலும் உருக்கலாம். உருக்கியதைத் திருப்ப முடியாது. மிஷினும் டயலும் சரியாக உள்ள நல்ல கம்பெனி வாட்ச் உருக்கு விலையைவிடக் கூடுதலாகப் போகும் என்பதையும் அந்தத் தொகையைச் சொன்ன கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். அது அவர் தொழில் இல்லை.

அப்படியே வைப்பது. செலவில்லை, சித்தப்பா சொன்னது. சாவி கொடுக்காமல் சும்மா இருக்கும் மிஷின் தேயாது என்பது உண்மை. ஆனால் நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் பீரோவுக்குள்ளும் வரும். தோல் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட வேண்டும், அது ஈரத்தை இழுத்துக் கேஸின் மேல் வைத்துக்கொண்டிருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, அந்தப் பொட்டலத்தை மாற்ற மறக்காமல் இருந்தால் இது நல்ல வழிதான். மறப்பார்கள் என்பதுதான் சிக்கல்.

மிஷினை மட்டும் சர்வீஸ் செய்து ஓட வைப்பது. டயல், முள், கேஸ் எதையும் தொடுவதில்லை. மிஷினைத் தனித்தனியாகக் கழற்றி, கழுவி, தேவையென்றால் மெயின் ஸ்பிரிங் மாற்றி, புது எண்ணெய் வைப்பது. கண்ணாடி கீறியிருந்தால் பாலிஷ் செய்யலாம், உடைந்திருந்தால் மாற்றலாம். இவற்றில் எதுவும் வாட்சின் அடையாளத்தை மாற்றாது. தங்கக் கேஸுள்ள நல்ல வாட்சுகளில் பத்துக்கு எட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

முழுசாகப் புதுப்பிப்பது. கேஸைப் பாலிஷ் போட்டு, டயல் அடித்து, முலாம் ஏற்றி, சாவிக் குமிழைப் புதிதாக மாட்டிக் கடைவாசனையோடு வாங்குவது. பாலிஷ் என்பது தங்கத்தைத் தேய்த்து எடுப்பது. கேஸின் கூரான விளிம்புகள் மழுங்கும், பின்னால் பொறித்த பெயரும் தேதியும் மங்கும். கொம்பு உடைந்திருந்தால் அதை ஈயம் வைத்துப் பற்றவைக்க மட்டும் ஒத்துக்கொள்ளக் கூடாது. ஈயம் தங்கத்தோடு கலந்தால் அந்த இடம் நொறுங்கிப்போகும். பொன் வேலை தெரிந்தவர், மிஷின் இல்லாத வெறும் கேஸில், தங்கப் பற்று வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது. அப்படியும் முழுப் புதுப்பித்தலுக்குப் பொருத்தமான வாட்சுகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் முலாம் வாட்சுகள்.

உதாரணமாக, அம்மா வழியில் ஒரு மாமாவின் ஹெச்.எம்.டி. கல்யாணத்துக்குப் போட்டது, முலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது வீட்டுக்குள் வந்த தண்ணீரில் பீரோவோடு நனைந்தது. டயல் கொப்புளித்து எழுத்தே போய்விட்டது. மாமாவுக்கு அதைக் கையில் கட்ட வேண்டும், விற்கும் எண்ணமே இல்லை. ஹெச்.எம்.டி.க்கு உதிரிப் பாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதைப் புதிதாக்கியது முழுக்கச் சரி. வாங்குபவர் என்ன நினைப்பார் என்ற கவலை இல்லாதவருக்குப் படிக்க முடியாத டயலைக் காப்பாற்றச் சொல்வது வீண் பிடிவாதம்.

இன்னொரு உறவினர் வீட்டில் ரயில்வே கார்டாக இருந்த தாத்தாவின் பாக்கெட் வாட்ச். மேலே சொன்ன 20 ஆண்டு உத்தரவாத வகை. பேலன்ஸ் அச்சு உடைந்திருந்தது. லேத்தில் கடைய ஆகும் செலவு அந்த வாட்சின் விலையைத் தாண்டும் என்று மெக்கானிக் நேர்மையாகச் சொன்னார். அவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டியில் தாத்தாவின் போட்டோவுக்குக் கீழே வைத்துவிட்டார்கள், நிற்கிற வாட்சாகவே. அதற்கும் என் ஓட்டு உண்டு.

பெரியப்பாவுடையதில் ஹெல்வீஷியா தலை தெளிவாக இருந்தது, மிஷினும் டயலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். எண்ணெய்தான் காய்ந்திருந்தது. டயலில் ஓரமாகப் பழுப்பு. மூன்றாவது வழிக்கு இதைவிடப் பொருத்தமான வாட்ச் கிடைக்காது. அத்தை மகனிடம் இரண்டு போட்டோ அனுப்பினோம், ஒன்று நம்முடையது, இன்னொன்று அதே மாடலில் டயல் அடித்து விற்பனைக்கு வந்தது. அப்புறம் அவர் பாலிஷ் பேச்சை எடுக்கவில்லை.

யாரிடம் கொடுப்பது

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் கடைத்தெருவில் இன்னும் பழைய கை மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி போதும்: ‘முழுசாகப் பிரித்துக் கழுவுவீர்களா, இல்லை அப்படியே பெட்ரோலில் நனைத்து எடுப்பீர்களா?’ நனைத்து எடுத்த வாட்ச் சில மாதம் ஓடும், பழைய பிசின் இடுக்கில் அப்படியே இருக்கும், பிறகு அச்சு தேயும். இரண்டாவதாக, மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பழைய சாவிக் குமிழில் கம்பெனிச் சின்னம் இருந்தால் அது சின்னப் பொக்கிஷம். கொடுக்கும் முன் உள்ளே வெளியே போட்டோ எடுத்து, மிஷின் எண்ணையும் கேஸ் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். யார் மேலும் சந்தேகப்பட்டு அல்ல, இரண்டு பேருக்கும் நல்லது.

கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் செலவு பல மடங்கு. வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் அவர்களுக்குப் பழசைப் புதுசாக்கிக் கொடுப்பதே பழக்கம். டயலை மாற்ற வேண்டாம், பாலிஷ் வேண்டாம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். மிகப் பழைய வாட்சுகளைச் சிலர் சுவிட்சர்லாந்துக்கே அனுப்புவார்கள். பட்டேக் பிலிப் என்ற சுவிஸ் கம்பெனி 1839 முதல் தான் செய்த எந்த வாட்சையும் பழுது பார்ப்பதாகச் சொல்கிறது. அப்படி ஒன்று உங்கள் பீரோவில் இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் போதாது. நூறு ஆண்டைத் தாண்டிய வாட்சாக இருந்தால், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கையில் கொடுத்தனுப்புவதற்கு முன் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை ஒருமுறை விசாரித்துக்கொள்ள வேண்டும். நூறாண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக அதில் தடை இருக்கிறது.

ஓட ஆரம்பித்த பிறகு நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு வயலுக்கோ பஸ்ஸுக்கோ போகும் வாட்ச் இல்லை இது. அந்தக் காலத்துத் தங்கக் கேஸில் பெரும்பாலானவற்றில் தண்ணீர் தடுப்பு கிடையாது. சித்திரை வியர்வையே போதும் உள்ளே துரு பிடிக்க. கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று நல்ல நாளில் கட்டலாம். நாளுக்கு ஒரு நிமிடம் முன்பின் ஓடினால் அந்த வயதுக்கு அது தேர்ச்சி. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் வைத்தால் போதும்.

பங்குக் கணக்கு

சண்டை வருவது ரிப்பேரில் அல்ல, யார் வைத்துக்கொள்வது என்பதில். வாட்சை மூன்றாக வெட்ட முடியாது. நாங்கள் செய்தது இது. மெக்கானிக் மிஷினைக் கழற்றி வைத்திருந்த நேரத்திலேயே நகைக்கடைக்குக் கேஸை மட்டும் எடுத்துப்போய் எடையும் தரமும் பார்த்தோம். இதற்காகத்தான் நகைக்கடை இரண்டாவதாக வர வேண்டும் என்றேன். பிறகு பழைய வாட்ச் வாங்கி விற்பவர்கள் இருவரிடம் முழு வாட்சுக்கு விலை கேட்டோம். இரண்டில் எது அதிகமோ அதை மதிப்பாக வைத்து, வாட்சை எடுத்துக்கொண்ட அப்பா மற்ற இருவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார். அத்தைக்குப் பணம் வந்துவிட்டது. சித்தப்பாவுக்கு டயல் அப்படியே இருப்பதில் திருப்தி. பேரன் கல்யாணத்தன்று வாட்ச் சிங்கப்பூருக்குப் போகாது, மாப்பிள்ளை இங்கே வந்து கட்டிக்கொள்வார் என்று அத்தை மகனோடு பேசி முடித்தோம். பின்னாளில் வெளியாளுக்கு விற்றால் கூடுதலாக வரும் தொகை மறுபடி மூன்றாகும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு எண்களையும் குறித்து, மூவரும் கையெழுத்துப் போட்டு, போட்டோவோடு ஆளுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டார்கள்.